கட்டிலுக்கடியில் பூனைக்குட்டி: தாய் வருமா, பால் கொடுக்கலாமா?

(வீட்டுப் பிராணிகள் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, வடசென்னையில் வசிக்கும் ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் பதில் சொல்கிறார்.)

கேள்வி: புது வண்ணாரப்பேட்டையில் லைன் வீட்டில் இருக்கிறோம். ஒரு ரூம், ஒரு கிச்சன், மேலே ஷீட் போட்ட அறை. காலையில் கட்டிலுக்கு அடியிலிருந்த பழைய புடவை மூட்டையை இழுத்தேன், உள்ளேயிருந்து கீச்சுக் கீச்சென்று சத்தம். எலி என்று துடைப்பத்தோடு போன என் பையன், "பூனைக்குட்டிம்மா!" என்று கத்தினான். கண் திறக்கவில்லை. வயிற்றில் தொப்புள்கொடி காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரே ஒரு குட்டிதான். எங்கள் சந்தில் ஒரு கறுப்பு வெள்ளைப் பூனை சுற்றும், அதன் குட்டியாக இருக்கலாம். "கை படக்கூடாது, மனுஷ வாடை அடிச்சா தாய் சேர்க்காது" என்கிறார் மாமியார். இங்க் ஃபில்லரில் பால் கொடுக்கலாம் என்கிறான் பையன். வீட்டுக்காரரோ, "காசிமேட்டுல கொண்டுபோய் விட்டா மீனைத் தின்னு பொழைச்சுக்கும்" என்கிறார். நாத்தனார் ஐந்து மாத கர்ப்பிணி, எங்களோடுதான் இருக்கிறாள். யார் பேச்சைக் கேட்பது டாக்டரம்மா?

பதில்: இந்த வாசகி கடிதத்தோடு வாட்ஸ்அப்பில் படமும் அனுப்பியிருந்தார். பத்திரிகை அச்சாகிக் கடைக்கு வரும்வரை குட்டி தாங்காது என்பதால் அன்றைக்கே போனில் பேசிவிட்டேன். மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று இங்கே விவரமாக எழுதுகிறேன்.

முதலில் வயதைப் பார்த்துவிடுவோம். தொப்புள்கொடி நான்கைந்து நாளில் உதிர்ந்துவிடும். கண் 7 முதல் 14 நாளுக்குள் திறக்கும். காது அதுவரை மடங்கித் தலையோடு ஒட்டியிருக்கும். படத்தில் இருப்பதற்குக் கொடியும் இருக்கிறது, காதும் ஒட்டியிருக்கிறது. அப்படியென்றால் பிறந்து இரண்டு மூன்று நாள்தான் ஆகியிருக்கும். எடை நூறு கிராமைச் சுற்றி இருக்கும்.

ஒரே குட்டி என்று படித்ததும் எனக்குப் பாதிக் கவலை போய்விட்டது. பூனை ஓர் ஈற்றில் சாதாரணமாக மூன்று, நான்கு குட்டி போடும். ஒன்று மட்டும் கிடக்கிறது என்றால், பெரும்பாலும் தாய் இடம் மாற்றிக்கொண்டிருக்கிறது, வேலை இன்னும் முடியவில்லை. 'பூனை ஏழு வீடு மாத்தும்' என்பார்களே, அந்த ஏழு கணக்கு எப்படியோ, மாற்றுவது நிஜம். வாயில் ஒரு நேரத்துக்கு ஒரு குட்டியைத்தான் கவ்வ முடியும். நடுவில் நீங்கள் எழுந்து கதவைச் சாத்தியிருப்பீர்கள். இல்லாவிட்டால் தண்ணீர் லாரி வந்து சந்து முழுக்கக் குடமும் கூச்சலுமாக இருந்திருக்கும். அது பக்கத்து வீட்டு ஷீட்டின் மேல் உட்கார்ந்து உங்கள் வாசலையே பார்த்துக்கொண்டிருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

மாமியார் சொன்ன காரணம் தப்பு, சொன்ன காரியம் சரி. மனித வாடை பட்டதற்காகத் தாய்ப்பூனை குட்டியை ஒதுக்காது. நான்கு நக்கு நக்கித் தன் வாசனையாக்கிக்கொள்ளும். ஆனால் வீட்டில் உள்ள எல்லோரும் மாறி மாறிக் கையில் எடுத்து, குனிந்து குனிந்து செல்போனில் படம் பிடித்தால் அது பயந்துபோய் வாசல் பக்கமே வராது. அதனால் குட்டி இருந்த இடத்திலேயே இருக்கட்டும். புடவை மூட்டையைப் பிரிக்காதீர்கள். கதவையோ ஜன்னலையோ பூனை நுழையும் அளவுக்குத் திறந்துவைத்துவிட்டு, எல்லோரும் மேலே உள்ள அறைக்குப் போய்விடுங்கள். டிவி ஒரு வேளை ஓடாவிட்டால் ஒன்றும் கெட்டுப்போகாது.

தாயை இழுக்க மீன் தலையை உப்புப் போடாமல் வேகவைத்து, முள் எடுத்து, சோற்றோடு பிசைந்து குட்டியிடமிருந்து நாலடி தள்ளி வையுங்கள். கருவாடு வாசனைக்கு நல்லது, தின்னக் கொடுக்காதீர்கள். உப்பு அதிகம்.

தாய் வந்ததா இல்லையா என்று தெரிய ஒரு வழி இருக்கிறது. மூட்டையைச் சுற்றித் தரையில் கோலப்பொடி தூவிவிடுங்கள். கால்தடம் பதிந்திருந்தால் வந்துபோயிருக்கிறது. கடையில் விற்கும் கல்மாவாக இருக்கட்டும், அரிசிமாவு வேண்டவே வேண்டாம். எறும்பு வரும். கண் திறக்காத குட்டிக்கு நம் வீடுகளில் நாயைவிடப் பெரிய எதிரி சிவப்பு எறும்புதான். கொடி காயாத தொப்புளையும் கண்ணோரத்தையும்தான் முதலில் பிடிக்கும். அதற்காக எறும்பு சாக்பீஸால் கோடு போட்டுவிடாதீர்கள். அதில் இருக்கும் பூச்சிமருந்து பூனைக்கு விஷம், அதை மிதித்துவிட்டுக் காலை நக்கும். ஈரத்துணியால் அடிக்கடி துடைத்தாலே போதும். துடைக்கிற தண்ணீரில் ஃபினாயில் கூடாது. அதிலுள்ள பீனால் வகை ரசாயனங்களை உடைத்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்குக் குறைவு.

எவ்வளவு நேரம் காத்திருக்கலாம்? குட்டி வெதுவெதுப்பாக, வயிறு உருண்டு, தூங்கிக்கொண்டிருந்தால் மூன்று நான்கு மணி நேரம் பொறுக்கலாம். விடாமல் கத்தினாலோ, தொட்டால் ஜில்லென்று இருந்தாலோ பொறுக்கக்கூடாது.

பையனின் இங்க் ஃபில்லரை வாங்கி உள்ளே வைத்துவிடுங்கள். பிறந்த குட்டியை முதலில் கொல்வது குளிர், பசி அதற்குப் பிறகுதான். சென்னையில் ஏது குளிர் என்று கேட்பார்கள். மொசைக் தரை, மேலே ஃபேன், வெளியே மழை, இது போதும். முதல் மூன்று வாரம் குட்டியால் தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. உடம்பு குளிர்ந்தால் குடலும் வேலை செய்யாது. அந்த நேரத்தில் உள்ளே போகும் பால் செரிக்காமல் தேங்கும், எதிர்த்து வரும், நுரையீரலுக்குள் இறங்கும். 'பாலு நல்லாத்தான் குடிச்சுது டாக்டர், திடீர்னு போயிடுச்சு' என்று சொல்லி அழும் பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

வீட்டுக்காரருக்கு நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: மீன் தின்பதற்குப் பல் வேண்டும். பல் எட்டிப் பார்ப்பதே மூன்றாவது வாரத்தில்தான். அதுவரை காசிமேட்டில் மலைபோல் மீன் குவிந்து கிடந்தாலும் இதற்குப் பயனில்லை. காகமும் நாயும்தான் பயனடையும். வளர்ந்த பூனைக்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் அங்கே திண்டாட்டம். பசியில் வாடும்படி பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம் என்பதையும் காதில் போட்டுவையுங்கள்.

நாத்தனார் பயப்பட வேண்டாம். பூனையால் கர்ப்பிணிக்கு ஆபத்து என்று சொல்வது டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியை வைத்து. அது தொற்றிய பூனையின் மலத்தில் வெளிவரும். வந்த உடனே ஒட்டிக்கொள்ளாது, ஒன்று முதல் ஐந்து நாள் வெளியில் கிடந்த பிறகுதான் தொற்றும் நிலைக்கு வரும். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குட்டியிடமிருந்து வருவதற்கு அநேகமாக வழியே இல்லை. தாய்ப்பூனை வீட்டுக்குள் மலம் கழித்தால் அன்றன்றே வேறு யாராவது எடுத்துப் போட வேண்டும், நாத்தனார் எடுக்கக்கூடாது. கீரையை நன்றாகக் கழுவுவதும் கறியை முழுசாக வேகவைப்பதும் இந்த விஷயத்தில் பூனையை விரட்டுவதைவிட முக்கியம். செக்கப்புக்குப் போகும்போது மகப்பேறு டாக்டரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடட்டும்.

பிறகு நடந்தது என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். விளக்கை அணைத்த பிறகு ராத்திரி அந்தக் கறுப்பு வெள்ளைதான் வந்திருக்கிறது. மீன் சோற்றைத் தின்றுவிட்டு, குட்டியின் பிடரியைக் கவ்வி, ஜன்னல் வழியாகப் போய்விட்டது. கோலப்பொடியில் போன தடமும் வந்த தடமும் தெளிவாக விழுந்திருந்ததைப் படம் பிடித்து அனுப்பினான் பையன். தாய் கவ்வியதும் குட்டி கால்களைச் சுருட்டிக்கொண்டு துவண்டு தொங்கும், ஓர் அசைவு இருக்காது. வைணவத்தில் சரணாகதிக்கு மார்ஜார நியாயம் என்று தென்கலையார் இதைத்தான் காட்டுவார்கள். குரங்குக்குட்டி தானே தாயைப் பிடித்துக்கொள்ளும், பூனைக்குட்டி எதுவும் செய்யாது, எல்லாம் தாய் பார்த்துக்கொள்ளும் என்று. உவமை சொன்னவர்கள் பூனையை நன்றாகக் கவனித்திருக்கிறார்கள். ஆனால் நாம் அப்படிப் பிடரியைப் பிடித்துத் தூக்கக்கூடாது. எவ்வளவு அழுத்தலாம் என்று தாய்க்குத்தான் தெரியும்.

கேள்வி: எங்கள் வீட்டுப் பரணில் இரண்டு குட்டிகள். தாய் வண்டியில் அடிபட்டுச் செத்துவிட்டது, நானே பார்த்தேன். குட்டிகளுக்கு இன்னும் கண் திறக்கவில்லை. பாக்கெட் பாலில் தண்ணீர் கலந்து கொடுத்தேன், வயிற்றால் போகிறது. காப்பாற்ற முடியுமா? (வாசகர், ராயபுரம்)

பதில்: முடியும், ஆனால் வீட்டில் இரண்டு பேராவது மாற்றி மாற்றித் தூக்கம் கெடத் தயாராக இருக்க வேண்டும்.

பாக்கெட் பாலை இன்றே நிறுத்துங்கள். பூனைப்பாலில் புரதம் பசும்பாலைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. பசும்பாலில் உள்ள பால்சர்க்கரை வேறு குட்டிக்கு ஒத்துக்கொள்ளாது, வயிற்றால் போகும். தண்ணீர் கலந்தால் இருக்கிற சத்தும் போய்விடும். இந்த வயதில் வயிற்றுப்போக்கு ஒரே நாளில் ஆளைச் சாய்த்துவிடும். பெட் ஷாப்பில் பூனைக்குட்டிக்கென்றே பால்மாவு கிடைக்கிறது. விலை கொஞ்சம் அதிகம்தான், டப்பாவில் போட்டிருக்கும் அளவுப்படி கலக்க வேண்டும். ராத்திரி நேரமாகிவிட்டது, கடை இல்லை என்றால் ஆட்டுப்பாலை வைத்து அந்த ராத்திரியைத் தள்ளலாம். அதுவே சாப்பாடாகிவிடக்கூடாது.

அதற்கு முன் சூடு. பிளாஸ்டிக் பாட்டிலில் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் நிரப்பி, இறுக மூடி, துண்டில் சுற்றி, அட்டைப்பெட்டியின் ஒரு பாதியில் மட்டும் வையுங்கள். மறுபாதி வெறுமனே இருக்கட்டும், சூடு அதிகமானால் குட்டி நகர்ந்து போக இடம் வேண்டும். பாட்டில் ஆறினால் அதுவே குளிரை ஏற்றும், மாற்றிக்கொண்டே இருங்கள். ஹேர் டிரையர், மொட்டைமாடி வெயில் எதுவும் வேண்டாம். மெதுவாகச் சூடேற வேண்டும். குட்டியின் வாய்க்குள் சுண்டுவிரல் நுனியை வைத்துப் பாருங்கள். வாய் வெதுவெதுப்பாக இருந்து, விரலைச் சப்பினால் பாலுக்குத் தயார்.

மெடிக்கல் ஷாப்பில் ஊசி இல்லாத சின்னச் சிரிஞ்சு வாங்கிக்கொள்ளுங்கள். குட்டியைத் துண்டின் மேல் குப்புற வைத்து, தலையைச் சற்றே உயர்த்தி, வாயோரமாகச் சொட்டுச் சொட்டாக. கைக்குழந்தையைப்போல மல்லாத்தி வைத்துக் கொடுக்கவே கூடாது. மூக்கு வழியாகப் பால் குமிழ்ந்தால் உடனே நிறுத்துங்கள், பால் மூச்சுக்குழாயில் போகிறது. நூறு கிராம் குட்டிக்கு ஒரு வேளைக்கு 3 முதல் 4 மில்லி. இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, ராத்திரியும்தான். வயிறு லேசாக உருண்டால் போதும், கெட்டியாக உப்பும்வரை கொடுக்காதீர்கள். பாவம் பசிக்குமே என்று ஒரு சிரிஞ்சு கூடக் கொடுப்பதில்தான் பாதிப் பேர் குட்டியை இழக்கிறார்கள்.

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று: மூன்று வாரம்வரை குட்டியால் தானாக ஒன்றுக்கும் இரண்டுக்கும் போக முடியாது. தாய் அடிவயிற்றையும் பின்பக்கத்தையும் நக்கி நக்கிப் போகவைக்கும். அந்த வேலை இப்போது உங்களுடையது. பஞ்சை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, பால் கொடுத்த பிறகு ஒவ்வொரு தடவையும் மெல்லத் தடவுங்கள். மூத்திரம் வெளிர் நிறத்தில் வந்தால் நல்லது, அடர் மஞ்சளாக வந்தால் நீர்ச்சத்து போதவில்லை.

வளர்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. தினமும் ஒரே நேரத்தில் எடை போடுங்கள். நாளைக்கு 10 முதல் 15 கிராம் ஏற வேண்டும். சமையலறைத் தராசு இல்லாவிட்டால் தெருமுனை மளிகைக்கடை அண்ணாச்சியிடம் கேளுங்கள், கிண்ணத்தில் துணி போட்டு எடுத்துப்போனால் மறுக்க மாட்டார். எடை ஏறாமல் நின்றாலே டாக்டரிடம் போய்விட வேண்டும், குறையும்வரை காத்திருக்கக்கூடாது.

குளிப்பாட்டாதீர்கள். தெள்ளுப்பூச்சி இருந்தால் பேன் சீப்பால் வாரி எடுங்கள். நாய்க்கு வாங்கிய பவுடர் வீட்டில் இருக்கிறதே என்று தூவிவிட்டால் குட்டி பிழைக்காது. நாய் மருந்துகள் பலவற்றில் இருக்கும் பெர்மெத்ரின் பூனைக்கு ஆகவே ஆகாது.

உங்களுக்கு இப்போதே வயிற்றுப்போக்கு தொடங்கிவிட்டது. அதனால் இதைப் படித்து முடித்ததும் ஆட்டோ பிடியுங்கள். ராயபுரத்திலிருந்து வேப்பேரி பக்கம்தான். அங்கே சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, 1903இல் தொடங்கியது, நான் படித்ததும் அங்கேதான். கல்லூரி மருத்துவமனைக்குக் குட்டியை எடுத்துப்போகும்போது பெட்டிக்குள் வெந்நீர் பாட்டிலும் இருக்கட்டும். வரிசையில் காத்திருக்கும் நேரத்தில் குளிர்ந்துவிடக்கூடாது.

இன்னொன்று. உங்கள் பக்கத்தில் பால் கொடுக்கும் பூனை ஏதாவது இருக்கிறதா என்று மீன் விற்கும் அம்மாக்களிடம் விசாரியுங்கள். அவர்களுக்குத் தெரியாமல் ராயபுரத்தில் எந்தப் பூனையும் குட்டி போடாது. சாதுவான தாயாக இருந்தால் வேற்றுக்குட்டியையும் பெரும்பாலும் சேர்த்துக்கொள்ளும். அது அமைந்துவிட்டால் மேலே எழுதிய எல்லாவற்றையும் மறந்துவிடலாம்.

கேள்வி: வாஷிங் மெஷின் வாங்கிய அட்டைப்பெட்டியில் தாயும் நான்கு குட்டிகளுமாகக் குடியேறிவிட்டன. வீட்டு ஓனர் "ரெண்டு நாள்ல காலி பண்ணணும், அதுங்களும் சரி, இல்லைன்னா நீங்களும் சரி" என்கிறார். என்ன செய்வது? (வாசகி, கொருக்குப்பேட்டை)

பதில்: ஓனரிடம் இரண்டு மாதம் தவணை கேளுங்கள். வாடகைக்கே தவணை கேட்கும் ஊரில் இதைக் கேட்க வெட்கப்பட வேண்டாம். நான்கு வாரத்தில் குட்டிகள் நடக்கும், குழைத்த சோறும் மீனும் நக்கிப் பழகும். எட்டு வாரத்தில் தாய்ப்பால் மறந்துவிடும், அப்போது தாராளமாக வேறு வீட்டுக்குக் கொடுக்கலாம். அதுவரை பெட்டியை மாடிப்படிக்கடியிலோ பால்கனி மூலையிலோ, மழை படாத இடத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். தாய் பார்க்கும்போதே நகர்த்துங்கள், தூரமாக வேண்டாம்.

ஓனரின் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. இன்றைக்கு ஐந்து, அடுத்த வருஷம் எத்தனை என்று அவர் யோசிப்பார். பூனைக்குக் கர்ப்பகாலம் ஏறக்குறைய இரண்டு மாதம்தான். குட்டிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி சினையாகிவிடும். பெண் குட்டி நான்கு மாதத்திலேயே பருவத்துக்கு வரக்கூடும். ஆகவே குட்டிகள் பால் மறந்ததும் தாய்க்குக் கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்துவிடுவதாக ஓனருக்கு வாக்குக் கொடுங்கள், கொடுத்தபடி செய்யுங்கள். பூனைக்குச் சோறு போடுகிறவர்கள் நம் பக்கத்தில் ஏராளம். ஆபரேஷனுக்குக் கூடையில் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள்தான் குறைவு.

கேள்வி: பூனை வீட்டுக்குள் குட்டி போட்டால் நல்ல சகுனமா, கெட்ட சகுனமா? (வாசகர், திருவொற்றியூர்)

பதில்: உங்கள் வீட்டில் மழை ஒழுகாத, சத்தமில்லாத ஒரு மூலை இருக்கிறது என்று அர்த்தம். எங்கள் வீட்டில் அப்படி ஒரு மூலையை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: குட்டியை எடுக்கப் போன என் மகளைத் தாய்ப்பூனை பிறாண்டிவிட்டது. லேசான கீறல்தான், மஞ்சள் வைத்திருக்கிறோம். போதுமா? (வாசகி, வியாசர்பாடி)

பதில்: போதாது. மஞ்சளைக் கழுவிவிடுங்கள். கீறலைக் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் விடாமல் கழுவ வேண்டும். அதன்பின் அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும். வெறிநோய் நாயால் மட்டும் வருவதில்லை, பூனையாலும் வரும். வந்துவிட்டால் மருந்து கிடையாது, முன்கூட்டிப் போடும் ஊசிதான் ஒரே வழி. ஸ்டான்லி மாதிரி அரசு மருத்துவமனையில் இலவசமாகவே போடுகிறார்கள். முதல் ஊசியோடு நிறுத்திவிடாமல் அவர்கள் எழுதிக் கொடுக்கும் தேதிகளில் எல்லா ஊசியும் போட்டுக்கொள்ளட்டும்.

கேள்வி: எங்கள் வீட்டில் கிடைத்த குட்டி வெள்ளை, கறுப்பு, செம்மஞ்சள் என்று மூன்று நிறத்தில் இருக்கிறது. இப்போது நன்றாக ஓடி விளையாடுகிறது. என் தம்பி கண்ணன் என்று பேர் வைத்திருக்கிறான். ஆணா பெண்ணா என்று எப்படித் தெரிந்துகொள்வது? (மாணவி, எண்ணூர்)

பதில்: வாலைத் தூக்கிப் பார்த்தால் தெரியும். ஆணுக்கு இரண்டு துளைகளுக்கும் நடுவில் இடைவெளி அதிகம், பெண்ணுக்கு இரண்டும் நெருங்கி இருக்கும். உங்கள் குட்டிக்கு அவ்வளவு சிரமம் தேவையில்லை. செம்மஞ்சள் நிறத்துக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. கறுப்பும் செம்மஞ்சளும் ஒரே உடம்பில் வர இரண்டு எக்ஸ் வேண்டும், அதனால் மூன்று நிறப் பூனை ஏறக்குறைய எப்போதும் பெண்தான். தம்பியிடம் பக்குவமாகச் சொல்லி கண்ணனைக் கண்ணம்மா ஆக்கிவிடுங்கள். தடுப்பூசிகளை முடித்துவிட்டு, ஐந்தாவது மாதம் நெருங்கும்போது கருத்தடை ஆபரேஷனுக்கு வேப்பேரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.